பருத்த மனிதரின் பியானோ



1969-ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்க நாட்டு லாஸ் வேகஸ் நகரத்தில் பத்திரிகை நிருபர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பல ஆண்டுகளாக மேடை ஏறாதிருந்த எல்விஸ் பிரெஸ்லி என்னும் பெரும்புகழ் வாய்ந்த பாடகர், அப்பொழுதுதான் மீண்டும் மக்கள் முன் தோன்றிப் பாடத் தொடங்கியிருந்தார். கூட்டத்தில் ஒருவர் அவரை 'ராக் அண்டு ரோல்' இசையின் மன்னர் என்று குறிப்பிட்டார். பிரெஸ்லி அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அதே அறையில் இருந்த, குட்டையும் பருமனுமான கறுப்பினத்தவர் ஒருவரைச் சுட்டிக் காட்டி, அந்தப் பட்டத்திற்கு உண்மையில் உரியவர் அவரே என்று கூறினார். சுட்டப்பெற்றவர், ஃபேட்ஸ் டாமினோ என்பவர்.

எல்விஸ் பிரெஸ்லியின் பெயர் நம் நாட்டிலும் பலருக்குத் தெரியும். ஃபேட்ஸ் டாமினோவின் பெயரைக் கேட்டிருப்போர் சிலரே. பட்டம் ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் ஆவது உலகில் புதிதன்று. ஆயினும் இந்த இடத்தில் அது எவ்வாறு நேர்ந்தது, எத்தகைய சட்டங்களும் வழக்கங்களும் வாணிகமும் சேர்ந்து அதனை நேர்வித்தன என்று தேடிப் பார்ப்பது வரலாற்று மாணவர்க்குரிய பணி. அதற்கு நாம் முதலில் அவர் பிறந்த ஊருக்குச் செல்ல வேண்டும்.

மிசிசிப்பிப் பேராறு மெக்சிகோ வளைகுடாவை நெருங்கும் தாழ்ந்த நிலப்பரப்பில் நியூ ஆர்லீன்ஸ் நகரம் அமைந்துள்ளது. பிரெஞ்சுக்காரர் கண்ட நகரம் அது. சில காலம் ஸ்பெயின் நாட்டவர் ஆட்சியிலும் இருந்தது. 1803-இல் நெப்போலியன் அந்தப் பரந்த நிலப்பகுதி முழுவதையும் அமெரிக்காவிற்கு விற்றபோது அமெரிக்க நகரமாயிற்று. அங்கே பிரெஞ்சுக்காரரின் நடன இசையும், அடிமைகளாகக் கொணரப்பெற்ற ஆப்பிரிக்க மக்களின் தாளமும், தேவாலயப் பாட்டும், படைவாத்தியமும் ஒன்றோடொன்று கலந்தன. ஜாஸ் இசை அங்கேதான் தோன்றி வளர்ந்தது.

இசை கலந்தது; மனிதர் கலப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. 1892-இல் ஹோமர் பிளெசி என்பவர் நியூ ஆர்லீன்ஸ் நகரத்தில், வெள்ளையர்க்கென ஒதுக்கிய ரயில் வண்டியில் ஏறி அமர்ந்து, அந்தச் சட்டத்தை வேண்டுமென்றே மீறினார். வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. 1896-இல் அந்த நீதிமன்றம், இனங்களைப் பிரித்து வைப்பது சட்டத்திற்கு ஒத்ததே என்று தீர்ப்பளித்தது. பள்ளி, உணவு விடுதி, ரயில், மருத்துவமனை எல்லாவற்றிலும் இரண்டு வாயில்கள் அமைவதற்கு அந்தத் தீர்ப்பு துணை நின்றது. 58 ஆண்டுகள் கழித்து, 1954-இல்தான் அந்த நீதிமன்றம், பள்ளிகளைப் பொறுத்த மட்டில், தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. டாமினோவின் இளமை முழுவதும் அந்த 58 ஆண்டுகளுக்குள் அடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தின் கீழ்க்கோடியில், ஒரு கால்வாய்க்கு அப்பால், ஒன்பதாம் வட்டத்தின் தாழ்ந்த பகுதி என்று வழங்கும் குடியிருப்பு உள்ளது. லூசியானா மாநிலத்தின் கரும்புத் தோட்டப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடி வந்த ஒரு குடும்பம் அங்கே தங்கியது. அந்தக் குடும்பத்தின் எட்டு மக்களுள் கடைக்குட்டியாக 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் அந்துவான் டொமினிக் டாமினோ பிறந்தார். தந்தையார் ஃபிடில் வாசிப்பவர். வீட்டில் பேசிய மொழி ஆங்கிலமன்று. கிரியோல் என்னும் கலப்புப் பிரெஞ்சு. அந்த மொழியின் குழைவு டாமினோ ஆங்கிலத்தில் பாடிய காலத்தும் அவர் குரலை விட்டு நீங்கவில்லை. சொற்களை அழுத்தி உடைக்காமல், இழைத்து இழைத்துப் பாடும் அவருடைய முறைக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

அவருக்குப் பத்து வயது அளவில் வீட்டிற்கு ஒரு பழைய பியானோ வந்தது. தமக்கையின் கணவரான ஹாரிசன் வெரெட் என்பவர் அவருக்கு ஆசிரியரானார். வெரெட் தொழில்முறை இசைவாணர். அவர் பியானோவின் கட்டைகள்மீது சுரங்களின் பெயர்களை எழுதி வைத்துச் சிறுவனுக்குக் கற்பித்தார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகளைப் பற்றி நாங்கள் பல நூல்களைப் படித்தோம். இதைவிட எளிய முறையை அவற்றில் நான் கண்டதில்லை. பள்ளிப் படிப்போ டாமினோவிற்கு நீளவில்லை. சிறு வயதிலேயே அதனை விட்டு, வீடுகளுக்குப் பனிக்கட்டி கொண்டு செல்பவரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். பியானோ இருக்கும் வீடாயின் சற்று நேரம் வாசித்துப் பார்க்கவும் அந்த வேலையில் இடமிருந்தது. பின்னர் ஒரு தொழிற்சாலையில் பகலெல்லாம் உழைத்து, இரவில் சிறு மதுச்சாலைகளில் வாசித்தார். பில்லி டயமண்ட் என்ற இசைக்குழுத் தலைவர், பருத்த உடம்பு படைத்த முன்னாளைய பியானோ வித்தகர்களை நினைந்து, இவருக்கும் 'ஃபேட்ஸ்', அதாவது 'பருத்தவர்' என்ற பெயரைச் சூட்டினார்.

1949-ஆம் ஆண்டு வந்தது. கலிபோர்னியாவிலிருந்து இம்பீரியல் என்னும் இசைத்தட்டுக் கம்பெனியின் உரிமையாளர் லூ சட் புதிய பாடகர்களைத் தேடி நியூ ஆர்லீன்ஸ் வந்தார். அவருக்கு அவ்வூரில் துணையாக இருந்தவர் டேவ் பார்த்தலோமியூ. இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்காளம் ஊதுவதில் வல்லவர். குழுவை இம்மியும் பிசகாமல் நடத்தும் கண்டிப்பு மிக்கவர். பாட்டுக் கட்டுவதில் டாமினோவின் கூட்டாளி. டாமினோவின் இயல்பான இனிமையும் பார்த்தலோமியூவின் ஒழுங்கும் சேர்ந்திராவிடில் நமக்கு இன்று இந்த வரலாறே இல்லை.

அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள், ராம்பார்ட் தெருவில் காசிமோ மட்டாசா என்பவருடைய கடையின் பின்புறத்து அறையில் அவர்கள் கூடினார்கள். முன்புறம் இசைத்தட்டும் மின்சாரச் சாமான்களும் விற்கும் கடை. பின்புறம் ஒலிப்பதிவு நிலையம். ஒலிநாடா அங்கே வழக்கத்திற்கு வராத காலம் அது. பாட்டு நேரே தட்டிலேயே பதிவாயிற்று. ஒருவர் பிழை செய்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று பதிவானவற்றுள் ஒன்று 'தி ஃபேட் மேன்', அதாவது 'பருத்த மனிதன்' என்னும் பாட்டு. மதுச்சாலைப் பியானோக்காரர்களிடையே வழங்கிய ஒரு பழைய மெட்டுக்குப் புதிய சொற்களை அமைத்து அதனைப் பாடினார்கள். ராக் அண்டு ரோல் இசையின் முதல் தட்டு எது என்ற வாதத்தில் இன்றும் முன்னிற்கும் சில பாட்டுகளுள் இது ஒன்று.

இதில் புதுமை யாது? கேட்டுப் பாருங்கள். இடக்கை, ஓடும் ரயிலைப் போல, ஒரே சுழற்சியை விடாமல் திருப்பித் திருப்பி முழக்குகிறது. எர்ல் பால்மர் என்னும் முரசறைவோர், நான்கு எண்ணிக்கையில் முதலாவதையும் மூன்றாவதையும் விட்டு, இரண்டாவதையும் நான்காவதையும் ஓங்கி அடிக்கிறார்; பாட்டு முழுவதும் அவ்வாறே அடிக்கிறார். கேட்பவரின் கால் தானே எழுகிறது. அடுத்த ஆண்டிலிருந்து டாமினோ தம் வலக்கைக்கு இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். ஒவ்வோர் எண்ணிக்கையையும் மூன்று சம பகுதிகளாகப் பகுத்து இடைவிடாது தட்டுவது அது. நம் இசைவாணர் திஸ்ர நடை என்பார்களே, ஏறக்குறைய அதுதான். அக்காலத்து மெல்லிசைப் பாட்டுகள் பலவற்றின் பின்னே 'தகிட தகிட' என்று ஓடும் பியானோ ஒலியைக் கேட்கும்போது, அது டாமினோவின் வலக்கை காட்டிய வழி என்று அறியலாம்.

இனி வாணிகத்தின் பக்கம் வருவோம். எந்தத் தட்டு எவ்வளவு விற்கிறது என்று வாரந்தோறும் பட்டியலிட்டு வெளியிடும் 'பில்போர்டு' என்னும் பத்திரிகை அமெரிக்காவில் இருந்தது. அது கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுகளைத் தனிப் பட்டியலில் வைத்தது. 1949 வரை அப்பட்டியலுக்கு 'இனத் தட்டுகள்' என்றே பெயர். அவ்வாண்டில் அதனை 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, சுவர் மாறவில்லை. ரயிலில் இருந்த இரண்டு பெட்டிகள் விற்பனைப் பட்டியலிலும் இருந்தன. பின்னர் ஆலன் ஃபிரீட் என்னும் வானொலி அறிவிப்பாளர், கறுப்பினத்தவரின் இந்த இசையை வெள்ளை இளைஞர்களும் கேட்குமாறு ஒலிபரப்பி, 'ராக் அண்டு ரோல்' என்ற பெயரைப் பரப்பினார். இந்தப் புதிய இசையைப் பற்றி டாமினோவிடம் கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை எளியது: நீங்கள் இன்று ராக் அண்டு ரோல் என்பதை நான் நியூ ஆர்லீன்சில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன் என்றார்.

1955-இல் அவரும் பார்த்தலோமியூவும் சேர்ந்து இயற்றிய 'எய்ன்ட் தட் எ ஷேம்' என்னும் பாட்டு வெளிவந்தது. 'இது வெட்கக்கேடு அல்லவா' என்பது அப்பெயரின் பொருள். கறுப்பினப் பட்டியலில் அது பதினொரு வாரங்கள் முதலிடம் வகித்தது. உடனே பேட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் அதே பாட்டைப் பாடித் தட்டு வெளியிட்டார். பொதுப் பட்டியலில் பூனின் தட்டு முதலிடத்தையும், இயற்றிப் பாடியவரின் தட்டு பத்தாம் இடத்தையும் அடைந்தன. பல வானொலி நிலையங்கள் டாமினோவின் தட்டை விடுத்துப் பூனின் தட்டையே ஒலிபரப்பின. பாட்டின் பெயரே அந்நிகழ்ச்சிக்கு உரையாகவும் அமைந்துவிட்டது.

ஆனால் இந்த இடத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பாட்டைப் பாடியவர்க்கு ஒரு வருவாய். இயற்றியவர்க்கு வேறொரு வருவாய். யார் பாடினும், தட்டு விற்கும்தோறும் இயற்றியவர்க்கு உரிமைத்தொகை சேரும். ஆகவே பூன் எத்தனை தட்டுகள் விற்றாரோ அத்தனைக்கும் டாமினோவும் பார்த்தலோமியூவும் பங்கு பெற்றனர். பிற்காலத்தில் டாமினோ தம் விரலிலிருந்த வைர மோதிரத்தைக் காட்டி, இதனை வாங்கித் தந்தவர் பேட் பூன் என்று மேடையில் வேடிக்கையாகச் சொன்னதாகப் பூனே கூறுவதுண்டு. எல்லாருக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. 'ஹவுண்ட் டாக்' என்ற பாட்டை 1952-இல் முதன்முதலாகத் தட்டில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி. 1956-இல் அதனைப் பிரெஸ்லி பாடியபோது பெருஞ்செல்வம் திரண்டது. தார்ன்டன் பாடியவரேயன்றி இயற்றியவர் அல்லர். அச்செல்வத்தில் அவருக்குப் பங்கில்லை. தட்டின் நடுவே ஒட்டிய சிறு காகிதத்தில், பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குள் அச்சிட்ட பெயர் யாருடையது என்பதே ஒருவர் முதுமையில் வறுமையுறுவாரா இல்லையா என்பதைப் பல சமயங்களில் முடிவு செய்தது.

1956-இல் டாமினோ பாடிய 'புளூபெரி ஹில்' அவருடைய பாட்டுகளில் தலைசிறந்த வெற்றி பெற்றது. அது அவர் இயற்றியதன்று. 1940-ஆம் ஆண்டின் பழைய பாட்டு. பார்த்தலோமியூவிற்கு அதனைப் பதிவு செய்வதில் விருப்பமே இல்லை. டாமினோ விடவில்லை. பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை அது சென்றது. இப்பொழுது வெள்ளை இளைஞர்கள் வேறொருவர் பாடிய தட்டை நாடவில்லை; டாமினோவின் தட்டையே வாங்கினார்கள்.

அவர் பாடிய அரங்குகளில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களின் பல அரங்குகளில் வெள்ளையர் ஒரு புறமும் கறுப்பினத்தவர் மறு புறமுமாகப் பிரிந்து நிற்க நடுவே கயிறு கட்டுவார்கள். அல்லது ஓரினத்தார் கீழ்த்தளத்திலும் மற்றவர் மாடியிலும் அமர்வர். டாமினோவின் இடக்கை முழங்கத் தொடங்கியதும் இளைஞர் ஆடத் தொடங்குவர். ஆட்டத்தில் கயிறு நெகிழும். சில இடங்களில் கலகமும் மூண்டது. 1956 நவம்பரில் வட கரோலினா மாநிலத்து ஃபேயட்வில் நகரத்தில் போலீசார் கண்ணீர்ப்புகை வீசிக் கூட்டத்தைக் கலைத்தனர். பழி தாளத்தின்மீது விழுந்தது. அந்தக் கயிற்றையும் மதுப் புட்டிகளையும் குறை கூறியவர்கள் குறைவு. டாமினோவோ மேடையில் சொற்பொழிவு ஆற்றியவர் அல்லர். ஊர்வலம் சென்றவரும் அல்லர். மிகுந்த கூச்சமுடையவர். சிரித்த முகத்துடன் வாசிப்பார், பாடுவார், எழுந்து போவார். ஆயினும் அவருடைய பேருந்து ஊர் ஊராகச் சென்றபோது, அவர் பாட்டை விரும்பிக் கேட்ட ஊர்களிலேயே அவருக்கு உணவும் படுக்கையும் தர மறுத்த விடுதிகள் இருந்தன. அவர் தாமே சமைத்து உண்பதில் பெருவிருப்பம் கொண்டவர்; பயணத்தில் பானை சட்டிகளையும் உடன் எடுத்துச் செல்வார்.

பணம் குவிந்த பிறகு அவர் எங்குச் சென்று குடியேறினார்? எங்கும் செல்லவில்லை. பிறந்த ஒன்பதாம் வட்டத்திலேயே, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெரியதொரு வீட்டைக் கட்டிக்கொண்டார். அண்டை வீடுகள் எளிய மரவீடுகள். அவற்றின் நடுவே இந்த மாளிகை. மனைவி ரோஸ்மேரியை மணந்தது 1947-இல், பெயரும் பணமும் வருவதற்கு முன்பு. மக்கள் எண்மர்; எண்மரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. நாற்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிய எனக்கு, அந்தக் குழந்தைகளின் வகுப்பாசிரியர்களை நினைத்து இரக்கமே உண்டாகிறது.

அதே 1960-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், அதே ஒன்பதாம் வட்டத்தில், ஆறு வயதுச் சிறுமியர் நால்வர், வெள்ளையர்க்கென்றே இருந்த இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்குள் நுழைந்தனர். ரூபி பிரிட்ஜஸ் என்ற சிறுமி தனியாக ஒரு பள்ளிக்கும், மற்ற மூவர் வேறொரு பள்ளிக்கும் சென்றனர். மத்திய அரசின் காவலர் சூழ அவர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. தெருவில் வசைமொழி. வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போயினர். டாமினோவின் பாட்டுக்கு வீட்டில் இடம் தந்த நகரத்தில், அவர் வட்டத்துச் சிறுமியர்க்கு வகுப்பறையில் இடமில்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒரே காலத்தவை, ஒரே இடத்தவை என்பதை மறந்துவிட்டு அவருடைய பாட்டை மட்டும் எடுத்துப் பேசினால் நாம் பேசுவது வரலாறு ஆகாது.

அவருடைய இசை கடல் கடந்தும் சென்றது. நியூ ஆர்லீன்ஸ் வானொலியின் அலைகள் இரவு வேளையில் கரிபியக் கடலைத் தாண்டி ஜமைக்காத் தீவில் கேட்டன. அங்குள்ள இளைஞர் டாமினோவின் தாளத்தைத் தம் போக்கில் வளைத்து 'ஸ்கா' என்னும் இசையை உண்டாக்கினர். அதன் வழியில் பின்னர் 'ரெகே' வந்தது. வானொலியில் பேசுகின்ற எனக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தருகிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வரும் அவருடைய தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களே. பீட்டில்ஸ் என்னும் அந்தக் குழுவினர் 1964-இல் நியூ ஆர்லீன்ஸ் வந்தபோது டாமினோவைக் கண்டு பேசினர். ஆனால் அவ்வாண்டு முதற்கொண்டு அமெரிக்க இளைஞரின் காதுகள் அந்த ஆங்கிலக் குழுக்களின் பக்கம் திரும்பிவிட்டன. 1963-இல் டாமினோ பழைய கம்பெனியை விட்டு வேறொன்றில் சேர்ந்திருந்தார். பார்த்தலோமியூவின் கை இல்லாத அந்தத் தட்டுகளில் பழைய உயிர் குறைவு. 1968-இல் பீட்டில்ஸ் குழுவினர் அவருடைய பியானோ முறையை மனத்திற்கொண்டு 'லேடி மடோனா' என்ற பாட்டை வெளியிட்டனர். அதனை டாமினோவும் அதே ஆண்டில் பாடினார். பொதுப் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது அதுவே கடைசி முறை. கிடைத்தது நூறாவது இடம்.

1980-களில், இனி ஊரை விட்டுச் செல்வதில்லை என்று அவர் முடிவு செய்தார். உரிமைத்தொகை வந்துகொண்டிருந்தது, வெளியூர் உணவு பிடிக்கவில்லை. 1986-இல் ராக் அண்டு ரோல் புகழ்க்கூடத்தில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர்களுள் அவரும் ஒருவர். 1998-இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியக் கலைப் பதக்கம் வழங்கியது.

2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரினா என்னும் பெரும்புயல் தாக்கியது. கால்வாயின் கரை உடைந்து ஒன்பதாம் வட்டத்தின் தாழ்ந்த பகுதி நீரில் மூழ்கியது. நகரத்தை விட்டு வெளியேறுமாறு அறிவிப்பு வந்தும், மனைவி நோயுற்றிருந்தமையால் டாமினோ வெளியேறவில்லை. பல நாட்கள் அவரைப் பற்றிச் செய்தியில்லை. அவர் இறந்துவிட்டார் என்றே கருதி, யாரோ ஒருவர் அவர் வீட்டுச் சுவரில் அஞ்சலி மொழியை எழுதிவிட்டுச் சென்றார். உண்மையில் மீட்புப் படையினர் அவரையும் குடும்பத்தாரையும் காப்பாற்றி வேறு நகரத்து முகாமுக்கு அனுப்பியிருந்தனர். உயிர் பிழைத்தது, வீட்டிலிருந்த தங்கத் தட்டுகளும் பதக்கமும் பியானோக்களும் பாழாயின. மறு ஆண்டு குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் நேரில் வந்து, இழந்த பதக்கத்திற்கு ஈடாக வேறொன்றை வழங்கினார். 2007 மே மாதம், தம் ஊரிலேயே ஓர் அரங்கில் சிறிது நேரம் வாசித்தார். மனைவியார் 2008-இல் மறைந்தார். டாமினோ, ஆற்றுக்கு அக்கரையில் ஹார்வி என்னும் ஊரில், 2017 அக்டோபர் 24-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் காலமானார். பார்த்தலோமியூ நூறு ஆண்டுகள் நிறைவுற வாழ்ந்து 2019-இல் மறைந்தார்.

வெள்ளத்தில் கெட்ட பியானோக்களுள் இரண்டினை லூசியானா மாநில அருங்காட்சியகத்தார் எடுத்துக்கொண்டனர். வெள்ளை நிறப் பியானோவைச் செப்பனிடப் பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னியும் பொருளுதவி செய்தார். கறுப்பு நிறப் பியானோவைச் செப்பனிடவில்லை. புயலைப் பற்றிய காட்சிக்கூடத்தில், வெள்ளம் விட்டுச் சென்ற நிலையிலேயே அதனை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.